மலைக்கு இரண்டு வழி

1

இந்தக் கதை ஒரு சாப்பாட்டு மேசையில் பிறந்தது. என் தங்கையும் அவள் கணவரும் ஒரு மலையின் வரைபடத்தை மேசைமேல் விரித்துப் போட்டு, எந்த வழியாக ஏறுவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வரைபடம் சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு மூலையில் உப்பு டப்பாவை வைத்திருந்தார்கள், எதிர் மூலையில் என் தட்டை. தட்டைத் தூக்கினால் மலை சுருண்டுவிடும். அதனால் குனிந்து குனிந்து சாப்பிட்டேன்.

வேறு வீடாக இருந்தால் நானே சிரித்திருப்பேன். அவர்கள் மகளைப் பறிகொடுத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். (எழுதுகிறவன் புத்தி அப்படி. அடுத்தவர் வீட்டில் சாப்பிட்ட கை காய்வதற்குள் பேனாவைத் தேடும்.) முதல் வரி இப்படி வந்தது:

மூடுபனிக்குள் அந்த மலை, யாரோ பாதியில் விட்டுப்போன ஒரு

அடித்துவிட்டேன். மலையை நன்றாக வர்ணிக்க எனக்கு வரும். அதுதான் தொல்லை. வர்ணித்துக்கொண்டே போனால் மேசையில் இருந்த இரண்டு பேரையும் பார்க்காமலே தப்பித்துவிடலாம்.

அடுத்தது:

நேர்ந்துகொண்டவள் ஒருத்தி, யாருக்காக நேர்ந்துகொண்டாளோ அவள் இன்னொருத்தி, இருவரில்

இதையும் அடித்தேன். கெட்டிக்காரத்தனமான வாக்கியம். துக்க வீட்டுக்குப் பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு போவதுபோல இருந்தது.

கடைசியில் தங்கையிடமே கேட்டேன், எழுதட்டுமா என்று.

"எழுதிக்கோ அண்ணா. ஆனா என்னை நல்லவளா காட்டாதே."

மாப்பிள்ளையிடமும் கேட்டேன்.

"எழுதுங்க மச்சான். படிச்சுப் பாருன்னு மட்டும் என்கிட்ட குடுத்துடாதீங்க."

ஆகவே, நடந்ததை நடந்தபடி.

2

மாப்பிள்ளை லிஃப்ட் பழுது பார்ப்பவர். மாடிக் குடியிருப்புகளில் எங்காவது லிஃப்ட் இரண்டு தளங்களுக்கு நடுவில் நின்றுவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் கேட்பது அவருடைய குரலைத்தான். "ஒண்ணும் ஆகாது, நான் வந்துட்டேன்" என்பார். அந்தக் குரலை நம்பாதவர் யாரும் இல்லை.

தங்கை ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். வாடிக்கையாளர் முகத்தில் கண்ணாடியை மாட்டி, காதுப்பக்கம் இறுக்குகிறதா, மூக்கில் வழுக்குகிறதா என்று பார்த்து, குட்டி ஸ்க்ரூ டிரைவரால் திருகித் தருவாள். பிறர் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்துப் பழகியதாலோ என்னவோ, அவளிடம் பொய் சொல்வது கடினம்.

அவர்களுக்கு ஒரே மகள். ஆள் சின்னது, காரம் பெரியது. அதனால் மிளகு என்று கூப்பிட்டோம். ஒருமுறை நான் படித்துக் காட்டிய கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, "மாமா, இதுல ஒண்ணுமே நடக்கலியே?" என்றாள். என் எழுத்தைப் பற்றி வந்த மதிப்புரைகளில் ஆகச் சுருக்கமானது அதுதான்.

மிளகுக்கு இரத்தத்தில் நோய் வந்தது. பெயரை எழுதினால் நீங்கள் போய்த் தேடிப் படிப்பீர்கள். வேண்டாம். நாங்கள் படித்ததே போதும்.

மருத்துவமனையில் சேர்த்த வாரத்தில், கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர் அந்த மலையைப் பற்றித் தங்கையிடம் சொன்னார். உச்சியில் ஒரு குகை, குகைக்குள் சிவன். மேலே போக இரண்டு வழி. ஒன்று ஆற்று வழி: ஆற்றை ஒட்டியே சுற்றிச் சுற்றிப் போகும், ஏற்றம் தெரியாது, நடுவில் ஓரிரவு தங்க வேண்டும். இன்னொன்று படி வழி: பாறையில் வெட்டிய படிகள், செங்குத்து, காலையில் ஆரம்பித்தால் மதியத்துக்குள் மேலே இருக்கலாம், மூச்சு இருந்தால்.

தங்கை வார்டுக்கு வெளியே, கை கழுவும் தொட்டியருகே நின்றபடி நேர்ந்துகொண்டாள். பிள்ளை எழுந்துவிட்டால் அவளையும் அழைத்துக்கொண்டு, படி வழியாக, வெறுங்காலோடு வருகிறேன்.

3

பிள்ளை எழுந்தாள்.

இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். மருந்து கேட்டது. காய்ச்சல் விட்டது. தலையில் முடி பூனைக்குட்டிக்கு முளைப்பதுபோல முளைத்தது. மாப்பிள்ளை எங்கிருந்தோ யாத்திரை வரைபடம் ஒன்றை வாங்கி வந்து படுக்கையில் விரித்தார். அப்பாவும் மகளும் அதற்குமேல் உட்கார்ந்து விரலாலேயே ஏறி இறங்கினார்கள். ஆற்று வழியில் ஒரு தொங்குபாலம் போட்டிருந்தது. மிளகின் விரல் அங்கே வந்தால் நகராது.

"இது ஆடுமாப்பா?"

"ஆடும்."

"ரொம்பவா?"

"நீ நடந்தா கொஞ்சமா. உங்க மாமா நடந்தா ரொம்ப."

அவள் கால்கள் பென்சில் மாதிரி இருந்தன. மாப்பிள்ளை ஒருநாள் தங்கையிடம் மெல்லச் சொன்னார், "இந்தக் காலை வச்சிக்கிட்டுப் படி வழியா எப்படி? சாமிக்குத் தெரியாதா? ஆத்து வழியாவே போலாம்." தங்கை இரண்டு நாள் யோசித்தாள். பிறகு சுவாமி படத்துக்கு முன்னால் நின்று, வழியை மாற்றிக்கொள்வதாகச் சொன்னாள்.

அதற்கு அடுத்த இரத்தப் பரிசோதனையில் நோய் திரும்ப வந்திருந்தது. இந்த முறை மருந்து கேட்கவில்லை.

[இந்த இடத்தில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். வார்டு, வெளிச்சம், மாப்பிள்ளையின் கை. நன்றாக வந்திருந்தது. எடுத்துவிட்டேன். சில பக்கங்கள் நன்றாக வருவதே அவமானம்.]

4

இப்போது மேசைக்குத் திரும்பலாம்.

"படி வழியாத்தான் போவேன். மொதல்ல அப்படித்தான் சொன்னேன்" என்றாள் தங்கை.

"அப்புறம் மாத்திச் சொன்னோமே."

"அதான். மாத்தினதுக்கு அப்புறந்தான்..."

"என்ன? முழுசா சொல்லு."

"மாத்தினதுக்கு அப்புறந்தான் அவளுக்குத் திரும்ப வந்துச்சு."

மாப்பிள்ளை வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, குரலை உயர்த்தாமல், "நான் உன்கூடப் படி வழியா ஏறினா என்ன அர்த்தம் தெரியுமா? நாமதான் அவளைக் கொன்னோம்னு நானும் ஒத்துக்கிட்டதா அர்த்தம். மாத்தச் சொன்னது நான். ஒத்துக்க மாட்டேன். என்னாலயும் இல்ல, உன்னாலயும் இல்ல" என்றார்.

"ஆத்து வழியா வான்னு கூப்பிடறீங்களே, அதுக்கு என்ன அர்த்தம்? ஒண்ணுமே நடக்காத மாதிரி சுத்திப் பாத்துட்டு வரதா?"

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "போகாமலே இருந்தா என்ன? பிள்ளையே இல்லாதப்போ நேர்த்தி எதுக்கு?" என்றேன்.

இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு பார்வையில்தான்.

"போகணும்" என்றாள் தங்கை.

"நானும் போகணும் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "பாலத்தைக் காட்டறேன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன். இவ சாமிகிட்ட சொன்னா. நான் பிள்ளைகிட்ட சொன்னேன்."

5

மாப்பிள்ளையின் பாத்திரம் எனக்கு நெடுநாள் பிடிபடவில்லை. முதல் வடிவத்தில் அவரைச் சாமியிடம் கோபித்துக்கொண்டவராக எழுதினேன். மகளை இழந்த அப்பா, உடைந்த நம்பிக்கை. எழுதுவதற்கு எளிது, படிப்பதற்கும் எளிது. ஆனால் அவர் அப்படி இல்லை. தினமும் குளித்ததும் திருநீறு பூசுகிறவர், அவள் போன மறுநாளும் பூசினார்.

அவருடைய வேலையில் எதுவும் சும்மா நிற்காது. லிஃப்ட் நின்றால் கயிறு தேய்ந்திருக்கும், கதவில் தூசி அடைத்திருக்கும், ஏதோ ஒன்று இருக்கும். மகள் விஷயத்தில் டாக்டரிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி, "எதனால?" டாக்டர், "எதனாலன்னு சொல்ல முடியாதுங்க. சிலருக்குத் திரும்ப வரும்" என்றார். காரணத்தைத் தேடியே வாழ்ந்த மனிதர் அந்தப் பதிலை எப்படியோ விழுங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு யாராவது ஒரு பொய்க் காரணத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் அவரால் வாங்க முடியவில்லை.

தங்கையால் காரணம் இல்லாமல் இருக்க முடியவில்லை. தன் குற்றம் என்றாவது இருக்கட்டும். சும்மாவே போய்விட்டாள் என்பதைவிட அது அவளுக்குத் தேவலையாக இருந்தது.

இவர்களில் யார் சரி என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் இருவர் வீட்டிலும் சாப்பிடுகிறவன்; இரண்டும் ஒரே வீடு என்பதுதான் சிக்கல்.

6

மூவரும் போனோம். அடிவாரத்தில் யாத்திரிகர் விடுதி, அதைத் தாண்டி ஒரு தகரப் பலகை, பலகையில் இரண்டு அம்புக்குறி. நானும் மாப்பிள்ளையும் அன்றே ஆற்று வழியில் கிளம்பி, நடுவில் தங்கி, மறுநாள் மதியம் மேலே சேர வேண்டும். தங்கை அன்று விடுதியில் தங்கி, மறுநாள் விடிந்ததும் படி வழியாக ஏற வேண்டும். இரண்டு வழியும் குகைக்குக் கொஞ்சம் கீழே ஒரு டீக்கடையருகே சேர்கின்றன. அங்கே சந்திப்பதாகப் பேச்சு.

இதுவும் சுலபத்தில் முடிவாகவில்லை. பலகைக்கு அருகே மாப்பிள்ளை என்னைத் தனியே இழுத்து, "மச்சான், நீங்க அவகூட இருங்க. வெறுங்கால்ல ஏறுவா, சொன்னா கேக்க மாட்டா" என்றார். அவர் தண்ணீர் பிடிக்கப் போனதும் தங்கை வந்தாள். "அண்ணா, நீ அவர்கூடப் போ. தனியா விட்டா சாப்பிடாமலே நடப்பார்."

ஒரே வழியில் போக முடியாத இருவர், ஆளுக்கொரு பக்கமாக என்னை மற்றவரிடம் தள்ளிவிட்டார்கள். இதைவிடப் பெரிய காதல் காட்சி என் கதைகள் எதிலும் இல்லை.

"கூட யாராவது வந்தா நான் பேசிக்கிட்டே ஏறிடுவேன் அண்ணா. பேசாம ஏறணும்" என்று தங்கை முடித்துவிட்டாள். நான் மாப்பிள்ளையோடு போனேன்.

(ஒரு வடிவத்தில் நான் தங்கையோடு ஏறினேன். கதைக்கு அதுதான் தோது: செங்குத்து, வெயில், படியில் இரத்தம். ஆனால் அந்தப் படிகளில் அன்று நான் இல்லை. என்னவெல்லாம் கண்டேன் என்று எழுத எனக்கு உரிமை கிடையாது.)

7

ஆற்று வழி அழகாக இருந்தது. எரிச்சலூட்டும் அளவுக்கு அழகு. மாப்பிள்ளை சாப்பிட்டார், தூங்கினார், வழியில் வந்தவர்களுக்கு ஒதுங்கி வழி விட்டார்.

மறுநாள் காலை பாலம் வந்தது. அவர் முதலில் ஏறவில்லை. கம்பிக் கயிறு கட்டியிருந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து, கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்த கிளாம்பை விரலால் தடவிப் பார்த்து, "நல்லாத்தான் போட்டிருக்கான்" என்றார். பிறகு நடந்தார். நடுவில் போய் நின்றார். இரண்டு பக்கக் கயிற்றையும் பிடித்துக்கொண்டு கீழே ஆற்றைப் பார்த்தார். காற்று இல்லாததால் பாலம் அசையாமல் கிடந்தது.

அவர் கால்களை அகட்டி வைத்து, உடம்பை இப்படியும் அப்படியுமாகச் சாய்த்து, பாலத்தை ஆட்டத் தொடங்கினார்.

முதலில் மெல்ல. பிறகு வேகமாக. பின்னால் மூட்டையோடு ஏறியிருந்த ஒருவர், "யோவ், ஆட்டாதய்யா! பைத்தியமா உனக்கு?" என்று கத்தினார். மாப்பிள்ளை நிறுத்தினார். திரும்பி அந்த மனிதரிடம் கை கூப்பி, "மன்னிச்சிடுங்க. ஆடுமான்னு பாத்தேன்" என்றார்.

அக்கரைக்குப் போய் அவர் முகத்தைக் கழுவிக்கொண்டார். வெகுநேரம் கழுவினார்.

8

மதியத்துக்கு முன்பே டீக்கடைக்கு வந்துவிட்டோம். தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, ஒரு பக்கம் படிகள் வந்து சேரும் வாய், மறுபக்கம் நாங்கள் வந்த பாதை. தங்கை எங்களுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். வரவில்லை. போனில் சிக்னல் இல்லை. டீ குடித்தோம். இன்னொரு டீ குடித்தோம். படி ஏறி வந்தவர்களையெல்லாம் மாப்பிள்ளை கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. வெயில் தாழ்ந்தது.

கடைசியாக மூச்சு வாங்கிக்கொண்டு வந்த ஒரு பெண், "வெறுங்காலோட ஒரு அம்மாவா? பாதி வழில, திருப்பத்துல உக்காந்திருக்காங்க. தண்ணி குடுத்தேன், வேணாம்னுட்டாங்க" என்றாள்.

"அழறாளா?"

"இல்லைங்க. சும்மா உக்காந்திருக்காங்க."

மாப்பிள்ளை எழுந்தார். "மச்சான், நீங்க இங்கயே இருங்க. ஒருவேளை வழியில அவளைத் தவற விட்டுட்டா இங்க ஆள் வேணும்" என்றார். படி வழியில் கால் வைக்க மாட்டேன் என்றவர், இரண்டிரண்டு படியாக இறங்கி மறைந்தார்.

9

இங்கே கதையில் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்தத் திருப்பத்தில் அவர் அவளிடம் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிறகு நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன்.

அவர் சொன்னார்: "சரி, மாத்தச் சொன்னது நான். பாவம் என்னோடது. எந்திரி." (உயர்ந்த மனிதர். ஆனால் இது பொய்க் காரணம். அவரால் வாங்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது.)

அவர் சொன்னார்: "ஆத்து வழிதான் வேணும்னு கேட்டவளே அவதான்." (இல்லை. குற்றத்தை இறக்கிவைக்க இடம் தேடி, போன பிள்ளையின் தலையிலா வைப்பார்? இதை எழுதியதற்கே என் கையில் ஒன்று போடலாம்.)

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். (இருக்கலாம். ஆனால் எழுத்தாளனுக்கு ஒன்றும் தோன்றாதபோது பாத்திரங்கள் மௌனமாகிவிடுவது வழக்கம். நீங்களும் கவனித்திருப்பீர்கள்.)

அவர் சொன்னார்: "நான் வந்துட்டேன்

முடிக்கவில்லை.

10

பொழுது சாயும் முன் வந்தார்கள். முதலில் அவர் தலை தெரிந்தது, பிறகு அவள் தலை. அருகே வந்தபோதுதான் கால்களைப் பார்த்தேன். மாப்பிள்ளையின் ஷூ அவள் காலில் இருந்தது. படகு மாதிரி பெரிய ஷூ. கழன்றுவிடாமல் இருக்க லேஸைக் கணுக்காலைச் சுற்றிக் கட்டியிருந்தார். அவர் வெறுங்காலோடு, ஒவ்வொரு படியிலும் எங்கே வைப்பது என்று தேடித் தேடி வைத்து ஏறி வந்தார்.

டீக்கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் ஒரு வாளியில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். தங்கையின் பாதங்களைப் பார்த்தேன். சொல்லப்போவதில்லை.

குகைக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். "வா, மூணு பேரும் போயிட்டு வந்துடலாம்" என்றேன்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் வரலை" என்றாள் தங்கை.

"இவ்வளவு தூரம் வந்துட்டு?"

"போதும் அண்ணா."

மாப்பிள்ளை அவளைப் பார்த்தார். "நான் போயிட்டு வரேன்" என்று அதே வெறுங்காலோடு தனியாகக் கிளம்பினார். நேர்ந்துகொண்டவள் பெஞ்சில், நேர்ந்துகொள்ளாதவர் சந்நிதியில். நான் திட்டமிட்டு எழுதியிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டேன்.

அவர் போனதும் கேட்டேன், "ஏன் பாதியில உக்காந்துட்ட?"

அவள் கால்களை வாளிக்குள் விட்டுக்கொண்டு பேசினாள். "ஏறறப்போ வலிச்சுது. வலிக்கறவரைக்கும் நல்லா இருந்துது அண்ணா. அவளுக்காக ஏதோ செய்யற மாதிரி. அப்புறம் கால் மரத்துப்போச்சு. வலியே இல்ல. வலி நின்னதும், எதுக்கு ஏறறேன்னு தெரியலை. அவ இல்லைன்னு மட்டும் தெரிஞ்சுது. அதுக்கு முன்னாடி தெரியாதான்னு கேக்காதே. தெரியும். ஆனா அங்கதான் தெரிஞ்சுது."

"அவர் வந்து என்ன சொன்னார்?"

"அது உன் கதைக்கு இல்ல."

மாப்பிள்ளை திரும்பி வந்தார். நெற்றி நிறையத் திருநீறு. தங்கை அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன கேட்டீங்க?"

"கேக்கலை. சொன்னேன்."

"என்ன?"

"அவ பேரை."

அர்ச்சனைக்குப் பெயர் கேட்டிருக்கிறார்கள். யாருக்கு, எதற்கு என்று விளக்காமல் மகளின் முழுப்பெயரை, நட்சத்திரத்தோடு சொல்லியிருக்கிறார். அர்ச்சகர் நல்ல கணீர்க் குரலில் அதைக் குகை முழுக்கக் கேட்கும்படி சொன்னாராம். "நல்லா இருக்கணும்னு சொன்னாரு" என்றார் மாப்பிள்ளை. அதற்குப் பிறகுதான் தங்கை அழுதாள். வாளித் தண்ணீர் ஆறும்வரை அழுதாள். அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவள் தலையில் கை வைத்திருந்தார்.

11

இனி இறங்க வேண்டும்.

"இருட்டறதுக்குள்ள கிளம்பிடுங்க. படி வழின்னா நேரா விடுதிக்குப் போயிடலாம். ஆத்து வழின்னா ராத்திரி நடுவில தங்கிக்கலாம். எந்தப் பக்கமா இறங்கறீங்க?" என்று கேட்டார் டீக்கடைக்காரர்.

தங்கை மாப்பிள்ளையைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க."

"நீ சொல்லு" என்றார் அவர்.

எந்தப் பக்கம் இறங்கினார்கள் என்று எனக்குத் தெரியும். கூடவே இறங்கினேனே. எழுதவும் செய்தேன்; ஒரு பத்தி முழுக்க. தங்கை இந்தக் கதையை அதுவரை படித்துவிட்டு அந்தப் பத்தியில் விரலை வைத்தாள். "இது வேண்டாம் அண்ணா. ஆத்து வழின்னு போட்டா, நான் மனசு மாறிட்டேன், தப்பில்லைன்னு தெரிஞ்சுக்கிட்டேன்னு சொல்லுவாங்க. படி வழின்னு போட்டா, அவர் ஒத்துக்கிட்டாருன்னு சொல்லுவாங்க. நாங்க வீட்டுக்குத்தான் போனோம்."

எடுத்துவிட்டேன்.

ஆகவே, இதை இவ்வளவு தூரம் படித்து வந்தவரே, அந்த டீக்கடை வாசலில் இப்போது நீங்கள்தான் நிற்கிறீர்கள். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் படி. இரண்டில் எது வேண்டுமானாலும் சொல்லுங்கள், அவர்கள் வருவார்கள். ஒன்றே ஒன்று. அவளை முன்னால் நடக்க விடுங்கள். ஷூ பெரியது, மெதுவாகத்தான் வைப்பாள். அவர் பின்னால் வெறுங்காலோடு வருவார். அவசரப்படுத்தாதீர்கள்.